கலாவிடம் வாங்காத கையெழுத்து

இங்கே கனடாவில் என் ஆசிரியை லின்டா, நான் பிடித்திருக்கும் மவுஸைத் தொடுவதற்குக்கூட "தொடலாமா?" என்று கேட்பார். முதல் நாள் எனக்குக் கூச்சமாகிவிட்டது. மவுஸ் கல்லூரியுடையது, என்னிடம் என்ன அனுமதி? நான் வேலை பார்த்த இறைச்சி ஆலையை மூடிவிட்டார்கள். வேலை போன இவ்வூர்த் தொழிலாளர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜில் டிஜிட்டல் மீடியா கற்றுத் தருகிறார்கள். வீடியோ எடுப்பது, வெட்டி ஒட்டுவது, குரல் சேர்ப்பது. நாற்பத்தாறு வயதில் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

தெரிந்த ஒரு தொழிலாளியைப் பற்றி மூன்று நிமிடப் படம் எடுக்கச் சொன்னார் லின்டா. எனக்கு என் தங்கை கலாதான் நினைவுக்கு வந்தாள். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். வெளிநாடு வருவதற்குமுன் நானும் அங்கேதான் மாவு கலக்கினேன். அவள் கணவர் இறந்த பிறகு, முதலாளியிடம் பேசி அவளைச் சேர்த்துவிட்டவனும் நான்தான். அன்று என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, "எனக்கு வருமா அண்ணா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

நான் கேட்டதும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளே போனில் வீடியோ எடுத்து அனுப்பினாள். தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளைத் தூசு. சிரித்துக்கொண்டே பேசினாள்: "மூக்குல கட்ட ஒரு துணி தர மாட்டாங்க. பொடவத் தலைப்பத்தான் கட்டிக்கிறோம். ஃபேனு வாங்குறேன்னு சொல்லி மூணு தீவாளி போயிடுச்சி." பிறகு தனியாக ஒரு குரல் செய்தி: "கிளாஸுக்கு மட்டுந்தான அண்ணா?"

"ஆமாம்மா" என்றேன்.

அப்போது நான் பொய் சொல்லவில்லை. ஆனால் படம் நன்றாக வந்துவிட்டது. அவள் சிரிப்பு நிற்கும் இடத்தில் அவளுடைய இருமலை வெட்டி ஒட்டினேன். வகுப்பில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். ஆலையில் எலும்பு பொறுக்கியவன் இப்போது என்ன செய்கிறான் என்று ஊர் பார்க்கட்டுமே என்ற ஆசை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன்.

திங்களன்று லின்டா கேட்டார், "உங்கள் தங்கையிடம் ரிலீஸ் வாங்கிவிட்டீர்களா?"

"நேற்றே ரிலீஸ் பண்ணிவிட்டேன்" என்றேன் பெருமையாக. எனக்குத் தெரிந்த ரிலீஸ் சினிமா ரிலீஸ்தான். அவர் குழம்பிப்போய் ஒரு தாளை எடுத்துவந்து காட்டினார். படத்தில் இருப்பவர், 'என்னைக் காட்டலாம்' என்று கையெழுத்துப் போட்டுத் தரும் தாள். கூடப் பிறந்தவளிடம் கையெழுத்தா என்று உள்ளுக்குள் சிரித்தபடி பையில் வைத்துக்கொண்டேன்.

இடைவேளையில் போனை எடுத்தேன். கலாவிடமிருந்து பதினோரு தவறிய அழைப்புகள். ஒரு குரல் செய்தி: "அண்ணா, அத எடுத்துடு. மொதலாளி கூப்புட்டாரு."

எடுத்துவிட்டேன். அதற்குள் அது ஊரெல்லாம் போயிருந்தது. மறுநாள் முதல் வர வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். மற்ற கம்பெனிகளிலும், "வீடியோ எடுத்த பொண்ணுதான?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அவள் என்னைத் திட்டவே இல்லை. "சாப்ட்டியா? குளுரு எப்படி இருக்குது?" என்பாள். வீடியோ காலில் மட்டும் வருவதில்லை.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். கலா இப்போது வேப்பூரில், நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் பரிமாறுகிறாள். விடிகாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "வூட்லயே இரு அண்ணா, அங்க வராத. அந்த வீடியோ கத அங்க யாருக்கும் தெரியாது" என்றாள். மனசு கேட்கவில்லை, பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. ஒன்றும் கேட்காமல் முறுகலாக ஒரு தோசை கொண்டுவந்தாள். சட்னி ஊற்றவில்லை, எனக்குப் பிடித்த பொடி வைத்தாள்.

கல்லாவில் இருந்தவர் கவனித்துவிட்டார். "யாரும்மா, தெரிஞ்சவரா?"

கலா என் பக்கம் திரும்பவில்லை. "இல்லீங்க, வெளியூரு. மெட்ராஸ் பஸ்ஸுக்கு நிக்கிறாரு."

நானும் ஆமென்று தலையாட்டினேன். கை கழுவிவிட்டு வெளியே வந்தேன். என் பெட்டி விருத்தாசலத்தில் அவள் வீட்டில் இருந்தது. விருத்தாசலம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. கண்ணாடி வழியாகக் கல்லாக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். என் தங்கை சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று, சாலையைக் கடந்து சென்னை போகிறவர்களோடு போய் நின்றுகொண்டேன்.