யாரும் சோதிக்காத கருவி

வால்புர்காவுக்கு மலையிடம் பயமில்லை, புருஷன் வாயிடம்தான் பயம். ஆஸ்திரியாவின் டைரோல் மலைநாட்டில், அந்தப் பள்ளத்தாக்கில் பனிமலை வழிகாட்டி என்றால் கோர்பினியன்தான். மலையேற வருபவர்களுக்கு முன்னால் அவன் தடம் போட்டுப் போவான். இவள் கடைசியாக வந்து, விழுந்தவர்களைத் தூக்கிவிடுவாள். கல்யாணமானதிலிருந்து இவள் பிழைப்பு இதுதான். அவன் கெட்டிக்காரன், யார் இல்லையென்றது? ஆனால் நாக்கு முழுக்க விஷம்.

கிளம்புமுன் ஒரு சடங்கு உண்டு. எல்லோர் நெஞ்சிலும் ஒரு சின்னக் கருவி கட்டியிருக்கும். 'அனுப்பு' என்று வைத்தால் சத்தமில்லாமல், ஓயாமல் சமிக்ஞை விடும். 'தேடு' என்று வைத்தால் அடுத்தவர் சமிக்ஞையைக் கேட்டுக் கீச்சிடும், தான் சமிக்ஞை விடாது. பனிக்குள் புதைந்தவனைச் சட்டென்று கண்டுபிடிக்க அதைவிட்டால் கதியில்லை. கோர்பினியன் தன்னுடையதைத் 'தேடு'வில் வைத்து நிற்பான். ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போகவேண்டும், அது கீச்சிடவேண்டும். பிறகு அவன் 'அனுப்பு'க்குத் திருப்பவேண்டும். அவனை யார் சோதிப்பது? வால்புர்காதான் கேட்பாள்.

"உன்னோடதை மாத்திட்டியா?"

"வந்துட்டாடா வாத்தியாரம்மா! எனக்கே பாடம் நடத்துறா!" என்பான். பாதி நாள், திட்டிக்கொண்டே அப்போதுதான் திருப்புவான்.

அன்று வியன்னாவிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். வால்புர்கா காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"கிழக்குச் சரிவு வேணாம். ராத்திரி பூரா காத்து புதுப்பனியைக் கொண்டாந்து கொட்டியிருக்கு. அடியில பழைய பனி சர்க்கரையாட்டம் உதிருது. நேத்து தோண்டிப் பார்த்தேன்."

"தோண்டிப் பார்த்தாளாம்! பெருச்சாளியைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன் பாருங்க!" என்றான் கோர்பினியன்.

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மலையேறிவிட்டால் அங்கே பெரியவர் சின்னவர் கிடையாது, எல்லோரும் 'நீ'தான். அந்த உரிமையில் டீட்லிண்ட் என்ற பெண், "பயமா இருந்தா நீ வீட்ல சூப் வெச்சுட்டு இரேன்" என்றாள்.

இனி வாயைத் திறப்பதில்லை என்று வால்புர்கா பையை மாட்டிக்கொண்டாள். சடங்கு நடந்தது. மூவரும் தாண்டினார்கள், கடைசியாக இவளும் தாண்டினாள். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். இன்று ஒருநாள் அவனே நினைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். சத்தியமாக வேறொன்றும் நினைக்கவில்லை.

கிழக்குச் சரிவின் உச்சிக்கு வந்ததும், "நான் போய்க் காட்டுறேன், அப்புறம் வாங்க" என்று கோர்பினியன் சரிவில் இறங்கினான். பாதி தூரம் போயிருப்பான். பனிக்கடியில் 'வும்' என்று ஒரு சத்தம். அவனுக்கு மேலே ஒரு கோடு கிழிந்தது. சரிவு மொத்தமும் கழன்று அவனைச் சுருட்டிக்கொண்டு போயிற்று.

"எல்லாரும் தேடுக்கு மாத்துங்க!" என்று கத்தியபடி வால்புர்கா பாய்ந்தாள். குவிந்த பனிமீது குறுக்கும் நெடுக்குமாக ஓடினார்கள். நான்கு கருவிகளும் மூச்சுவிடவில்லை.

"எல்லாமே கெட்டுப்போச்சா?" என்று டீட்லிண்ட் அழுதாள்.

வால்புர்காவுக்குப் புரிந்துவிட்டது. நீளக் கம்பியை எடுத்துக் குத்த ஆரம்பித்தாள். ஐயோ, அவ்வளவு பெரிய பனிமேட்டில் எங்கே என்று குத்துவது! உள்ளே புதைந்தவனுக்குக் கால் மணி நேரம் மூச்சு இருந்தால் அதிகம். அது எப்போதோ போய்விட்டது. அவள் கை நிற்கவில்லை.

வெயில் ஏறியது. மேலே மிச்சமிருந்த பனியும் இறங்கலாம். "உங்க கருவியை எல்லாம் அனுப்புக்கே மாத்திக்குங்க" என்று சொல்லித் தன்னுடையதையும் திருப்பினாள்.

அதற்கப்புறம்தான் கம்பி மெத்தென்று எதிலோ முட்டியது. தோண்டினார்கள். வாய் நிறையப் பனியோடு கோர்பினியன் கிடந்தான். அவன் நெஞ்சில் கருவி விடாமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"வேலை செய்யுதே!" என்றாள் டீட்லிண்ட்.

"செய்யுது. நம்மளைத் தேடுது."

வால்புர்கா குனிந்து பொத்தானைத் திருப்பினாள். சத்தம் நின்றது.

"மாத்திட்டேன்" என்றாள் புருஷனிடம். அவனிடமிருந்து வசவு வருமென்று அப்படியே மண்டியிட்டுக் காத்திருந்தாள்.