ஈயம் பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் எதை வாங்கப் போனாலும் ஒரு பழமொழியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் போவோம். நான் எட்டாவது படிக்கும்போது கம்ப்யூட்டர் வாங்கப் போனதும் அப்படித்தான். கம்ப்யூட்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகை, டிவியில் மாட்டினால் ஓடும். திங்கட்கிழமைக்குள் அதை ஓடவைத்துக் காட்டாவிட்டால் பள்ளிக் கண்காட்சியில் என் இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்று மிஸ் சொல்லியிருந்தார்.

தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூரிலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்த அப்பாவுக்கு இதெல்லாம் எட்டாது. அதனால் என்னோடு வந்தவள் அவர் தங்கை, என் அத்தை. எங்களோடு இருந்துகொண்டு ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அன்று மதிய ஷிப்டு. யூனிபார்மோடே கடைக்கு வந்துவிட்டாள்.

கடைக்காரர் பலகையை நீட்டினார். அத்தை கை நீட்டவில்லை. முதலில் கடையின் இரும்புக் கம்பியைத் தொட்டாள், என்னையும் தொடச் சொன்னாள். நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சாமி காரியம் இல்லை, நம் உடம்பிலிருக்கும் மின்சாரம் பலகையைக் கெடுக்காமலிருக்கத்தான் என்று அப்புறம்தான் சொன்னாள்.

ஓரத்தைப் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவள், வேறு பலகை கேட்டாள். மெஷின் செய்த சாமான் அக்கா, தேங்காயா தட்டிப் பார்த்து வாங்க என்று அவர் கன்னடத்தில் சிரித்தார். அத்தையும் கன்னடத்திலேயே, அந்த மூன்றாவது பின் முள்ளில் பற்றவைத்த ஈயம் ஒட்டவில்லை, பூதக்கண்ணாடி இருந்தால் பாருங்கள் என்றாள். அவர் பார்த்தார். உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அத்தை அவருக்கு மேடம்.

மெமரி கார்டு, ஒயர், மூடி எல்லாம் எடுத்தாயிற்று. அடாப்டர் வேண்டாம், வீட்டில் போன் சார்ஜர் இருக்கிறதே என்றேன்.

"ஆனைய வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுவாங்களா, கண்ணு? அந்தச் சார்ஜர் இதுக்குப் பத்தாது. எடு" என்றாள்.

வீட்டுக்கு வந்து மாட்டினோம். சிவப்பு விளக்கு எரிந்தது, பச்சை சிமிட்டியது, டிவியில் எழுத்துகள் மளமளவென்று ஓடின. என் இடம் எனக்குத்தான். தெருமுனையில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. அத்தை, தோளில் பையோடு, டிவிக்கு முன்னால் அசையாமல் நின்றாள்.

"அத்தை, வண்டி போயிரும்."

"போவட்டும் புள்ள. ஒருக்கா அணைச்சுட்டு மறுபடி போடு."

போட்டேன். இன்னொருக்கா என்றாள். வண்டி போயே போய்விட்டது.

அவள் பிரிவில், ஈயம் வைத்த பலகைகளைத் தட்டில் அடுக்கி அடுத்த அறைக்கு அனுப்பிவிடுவார்கள். விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது அந்த அறைக்காரர்கள் பாடு. ஒன்பது வருஷமாக அந்தக் கதவுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தாள் என்பது நான் வளர்ந்த பிறகு தெரிந்தது. அன்று எனக்கு வந்தது கோபம்தான். நான் சரியாக மாட்டினேனா என்று சோதிக்கிறாள் என்று நினைத்து, மூன்றாம் முறை போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.