பார் மாடியில் தங்கிப் பெண் பார்க்கப் போனோம்

மகனுக்குப் பெண் பார்க்க நானும் கணவரும் அவனும் மதுரையிலிருந்து அரியலூர் போயிருந்தோம். காலையிலேயே நல்ல நேரம் என்பதால், முந்தின சாயங்காலமே லாட்ஜில் இறங்கினோம். போனில் பேசிப் பிடித்த ரூம். போன பிறகுதான் கீழே முழுக்க பார் என்று தெரிந்தது. முகூர்த்த நாள் என்பதால் வேறெங்கும் ரூம் இல்லை. மாடிப்படியும் பார் வாசலில்தான் வந்து முடிந்தது.

பூ வாங்க நானும் மகனும் இறங்கியபோது, பார் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த ஒருவர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு உடம்பே கூசியது.

மறுநாள் பெண் வீட்டில் எங்களை வரவேற்றவர் அதே ஆள்தான். பெண்ணுக்குச் சித்தப்பாவாம்! காபி வந்ததும் எல்லார் முன்னாலும் ஆரம்பித்தார்.

"தம்பிக்குப் பழக்கம் ஏதும் உண்டுங்களா? நேத்து பார் வாசல்ல பார்த்த மாதிரி இருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆமாங்க, அந்த மாடியிலதான் ரூம் போட்டிருக்கோம். நீங்க எந்த ரூம்ல தங்கியிருந்தீங்க?" என்றேன்.

பெண்ணின் அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். சித்தப்பா குனிந்து காபியை ஊதிக்கொண்டே இருந்தார்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இப்போதெல்லாம் லாட்ஜில் ரூம் போடும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்பே, கீழே என்ன இருக்கிறது, படி எங்கே இறங்குகிறது என்று கேட்டுவிடுகிறேன். சித்தப்பா மட்டும் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து வாடை வருகிறதா என்று மெல்ல மூச்சை இழுத்துப் பார்க்கிறார். மோர் கொடுக்கும் சாக்கில் அவர் கிட்டே போய் நானும் அதையேதான் செய்கிறேன்.