கீழ்ப் பிளக் மட்டும் ஏன் கறுக்கிறது

வள்ளத்து எஞ்சினிலிருந்து கழற்றிய இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் பழைய பேப்பரில் அருகருகே வைத்தேன். மேல் சிலிண்டருடையது காய்ந்து, காப்பி நிறத்தில் இருந்தது. கீழ் சிலிண்டருடையது கறுத்து, மண்ணெண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. இரண்டுக்கும் ஒரே கார்புரேட்டர், ஒரே கேன் எண்ணெய். எண்ணெய் கெட்டதென்றால் ஒன்று மட்டும் எப்படி யோக்கியமாக இருக்கும்?

இதில் என் தாய்மாமாவின் பிழைப்பு இருக்கிறது. கால் முறிந்ததிலிருந்து அப்பா கரையில்தான். வள்ளத்தை ஓட்டுவது மாமா. கொஞ்ச நாளாக எஞ்சின் பாதிக் கடலில் ஒற்றைச் சிலிண்டரில் திணறித் திரும்புகிறது. நல்ல மண்ணெண்ணெயை மாமா வெளியே விற்றுவிட்டுக் கலப்படத்தை ஊற்றுகிறார் என்பது அப்பாவின் முடிவு. கேனை மோந்து பார்ப்பார். எண்ணெய் மட்டம் தெரிய, கேனின் வெளிப்பக்கம் சாக்பீஸால் கோடு போடுவார். வெள்ளைத் துணியை அந்த எண்ணெயில் நனைத்துக் காயவைத்துக் கலப்படக் கறை தேடுவார். கறை இல்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது; இவ்வளவு சுத்தமாகச் செய்கிறான் என்றால் கைதேர்ந்த ஆள்தான் என்றார். வேறு ஆள் பார்த்தாயிற்று என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா அவருக்குச் சோற்றுத் தட்டைச் சத்தத்தோடுதான் வைக்கிறாள்.

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறேன். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. காற்றோடு சீராகக் கலக்காமல் துளித்துளியாக இறங்கி, கீழ் சிலிண்டரில் போய்த் தேங்கும். அதற்காகத்தான் பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அப்படியென்றால் சூடேறும் முன்பே மாற்றுகிறார்கள். மாமா பெட்ரோலை மிச்சம் பிடித்து என்ன செய்கிறார்? அப்பாவின் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது.

கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த மாமாவிடம், எங்கே வைத்து மாற்றுவீர்கள் என்று கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

"பச்சை லைட்டு தாண்டினதும். ஒங்கப்பா காட்டிக் குடுத்த இடந்தான். என்னளா, நீயும் கேனை மோந்து பாக்க வந்திட்டியா?"

பதில் அவ்வளவு வேகமாக வந்ததால் நான் நம்பவில்லை. ஓடைக்கரையோடு நடந்துபோய்ப் பார்த்தேன். ஓடை கடலில் சேரும் வாயில் பச்சை விளக்குக் கம்பம் நின்ற இடத்திலேயே நின்றது. எங்கள் வள்ளம்தான் இடம் மாறியிருந்தது. மழைக்குப் பிறகு ஓடையின் உள்பக்கம் மண் மேடிட்டுவிட, எல்லோரும் வாய்ப்பக்கம் வந்து கட்டுகிறார்கள். முன்பெல்லாம் உள்ளேயிருந்து கிளம்பி விளக்குக்கு வருவதற்குள் எஞ்சின் நன்றாகச் சூடாகிவிடும். இப்போது கயிற்றை அவிழ்த்துத் திரும்பினால் விளக்கு. மாமா ஒருநாளும் சூட்டைப் பார்த்து மாற்றவில்லை. விளக்கைப் பார்த்துத்தான் மாற்றியிருக்கிறார். அதற்கு முன்னால் அப்பாவும் அப்படித்தான்.

வீட்டுக்கு ஓடிப்போய் மூச்சுவிடாமல் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நீயா கண்டுபிடிச்சதா, இல்ல ஒன் மாமன் சொல்லிக் குடுத்து அனுப்புனானா?"

ஆனால் வள்ளம் இடம் மாறியதை அவரால் மறுக்க முடியவில்லை. மாற்றிக் கட்டச் சொன்னதே அவர்தான். கடைசியில் ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்று இறங்கி வந்தார். புது ஆளிடம் வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை.

நாளைக் காலையில் பச்சை விளக்கைத் தாண்டியும் பெட்ரோலிலேயே ஓடப் போகிறோம். சிலிண்டர் தலையில் கைவைத்துச் சூடு பார்த்த பிறகே மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்போம். அப்பாவும் காலை இழுத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறுவாராம். புதுப் பிளக் இரண்டையும் தானே வாங்கி, யாரும் மாற்றிவிடாதபடி ஆணியால் கீறி அடையாளம் போட்டு, சட்டைப் பையில் வைத்திருக்கிறார். கரைக்கு வந்ததும் அவரேதான் கழற்றுவார். அந்த நேரம் மாமாவைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார். என்னையும்தான்.