பரணில் இருந்த செருப்பு

இதை நம்பும்படி நான் யாரையும் கேட்கவில்லை. ஆனால் நடந்தது. சாத்தூரிலிருந்து இருக்கன்குடி போகும் சாலையில், கருவேலங்காட்டுக்குள், போன ஆவணியில். அன்று நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை.

கட்டடங்களிலிருந்து வௌவால்களை வெளியேற்றுவது என் தொழில். கொல்வதில்லை. புகை போடுவதில்லை. வீடு, பள்ளிக்கூடம், சர்ச், கோடவுன், எங்கே கூப்பிட்டாலும் போவேன். சாயங்காலம் அவை எந்த இடுக்கு வழியாக வெளியே வருகின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். மற்ற இடுக்குகளை அடைத்துவிட்டு, அந்த ஒன்றின்மேல் வலையைத் தொங்கவிட வேண்டும். மேல்பக்கமும் இரண்டு ஓரங்களும் சுவரோடு ஒட்டியிருக்கும். அடிப்பக்கம் திறந்திருக்கும். உள்ளே இருப்பது ஊர்ந்து இறங்கி அடிவழியாகப் பறந்துவிடும். திரும்பி உள்ளே வர அதற்கு வழி தெரியாது. சில நாள் விட்டு, ஒன்றுகூட உள்ளே இல்லை என்று உறுதியானதும் இடுக்கை மூடலாம்.

உறுதியாகாமல் மூடக் கூடாது. இந்தத் தொழிலில் பாவம் என்று ஒன்று இருந்தால் அதுதான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மூடுவதற்கு முன்னால், "யாரும் இருந்தா வந்துருங்க, மூடப் போறேன்" என்று உள்ளே பார்த்துச் சொல்வேன். வௌவாலுக்குப் புரியாது என்று எனக்குத் தெரியும். தனியாக வேலை செய்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாகப் படுக்கிறவனுக்கு இப்படி ஏதாவது ஒரு பேச்சு தேவைப்படுகிறது.

அந்த இடம் முன்பு ஒரு பட்டாசு ஆலை. மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. சிவகாசி அச்சகம் ஒன்று அதை வாங்கியிருந்தது. காலண்டர் பெட்டிகளை அடுக்க அங்கிருந்த கோடவுன் வேண்டும். கூரைக்குக் கீழே பலகைப் பரண். பரண் முழுக்க வௌவால். மேனேஜர் சபரிநாதன் வைகாசியிலேயே கூப்பிட்டார். குட்டிகள் பறக்கப் பழகட்டும் என்று ஆவணி வரை நான்தான் தள்ளிப்போட்டேன்.

"வௌவாலுக்குப் போயி எதுக்கு அண்ணாச்சி இம்புட்டு மரியாதை?" என்றார் போனில். "சிவகாசில இருந்துக்கிட்டு... ஒரு சரத்தக் கொளுத்தி உள்ள போட்டா அரை நிமிஷத்துல காலி."

"வேற ஆளப் பாருங்க சார்."

"கோவிச்சுக்கிடாதீக. சனிக்கிழமை காலைல கொத்தனார் வந்து மேல சுத்திப் பூசிருவாரு. சீசன் லோடு நிக்குது. அதுக்குள்ள முடிச்சிருங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லாம் வெளியே போயிருக்க வேண்டும். போகாதது உயிரோடு சுவருக்குள் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை பகலில் ஏணி வைத்துப் பரணில் ஏறினேன். எச்சத்தின்மேல் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும், இல்லையென்றால் தூசி நெஞ்சுக்குள் போகும். முகமூடி போட்டிருந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில். அடுப்புக்குள் தலையை விட்டது போல் இருந்தது.

மூலையில் பழைய காகிதக் குழாய்க் கட்டுகள். அதற்குப் பின்னால் ஒரு ஜோடி செருப்பு.

பெண்கள் போடும் ரப்பர் செருப்பு. நீல வார். ஒரு வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது.

எங்கள் பக்கத்தில் பட்டாசு அறைக்குள் யாரும் செருப்போடு போகமாட்டார்கள். வாசலிலேயே கழற்றிவிடுவார்கள். செருப்பின் அடியில் ஒட்டிய ஒரு கல் உரசினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். பரண்வரை செருப்பு போயிருப்பது எனக்கு உறுத்தியது. கீழே கொண்டுவந்து வாசலில், என் செருப்புக்குப் பக்கத்தில், அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன்.

கையில் எடுத்தபோது அது தேய்ந்திருக்கவில்லை என்பதைக் கவனித்தேன். ஊக்கில் துருவும் இல்லை.

பழைய ஆலையின் காவலாளி பலவேசம் இப்போதும் அங்கேதான். இரும்புக் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். உள்ளே வரமாட்டார். அன்று மட்டும், நான் பூட்டிக்கொண்டு போகச் சாவி கொடுக்க வாசல்வரை வந்தவர் செருப்பைப் பார்த்தார்.

"இத எங்கன எடுத்தீக?"

"பரண்ல."

அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"எடுத்த எடத்துலயே வச்சிருங்க."

"ஏன் அண்ணாச்சி? யாரோடது?"

"வச்சிருங்கன்னா வச்சிருங்க." திரும்பி நடந்தார். கேட்டுக்குப் போனபிறகும் என் பக்கம் பார்க்கவில்லை.

நான் வைக்கவில்லை. அன்று சாயங்காலம் வலையைக் கட்டிவிட்டு ஊருக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை. ஐந்தரை மணிக்குப் போனேன். கதவுப் பக்கச் சுவரில் பழைய பெயின்ட் எழுத்து: "வேலை ஆட்கள் 4 பேர் மட்டும்." பட்டாசு ஆலையில் ஒவ்வொரு அறையிலும் எத்தனை பேர் இருக்கலாம் என்று சட்டப்படி இப்படி ஒரு எண் எழுதியிருப்பார்கள். எங்கள் ஊரில் பிறந்தவன் எந்த அறையைப் பார்த்தாலும் முதலில் அந்த எண்ணைத்தான் படிப்பான்.

செருப்பு வாசலில்தான் இருந்தது. நான் வைக்கும்போது கதவைப் பார்த்து வைத்தேன். இப்போது வெளியே பார்த்திருந்தது. கால் நுழைத்துக் கிளம்புவதற்கு வசதியாக.

நாய் இழுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு வெளியே உட்கார்ந்தேன். டார்ச்சின் முகத்தில் சரவெடி சுற்றும் சிவப்புத் தாளை ஒட்டியிருந்தேன். வெள்ளை வெளிச்சம் பட்டால் வௌவால் வெளியே வராது. பலவேசம் கேட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. அந்தக் காட்டில் ஒரு குருவிகூடக் கத்தவில்லை.

ஆறு நாற்பது. வலையில் அசைவில்லை.

ஆறு நாற்பத்தெட்டு. இல்லை.

எல்லாம் போய்விட்டன. நிம்மதியாக எழுந்தேன். அப்போது கேட்டது.

கர்ர்ர்...

பரண் பலகை. ஒரு உடம்பு புரண்டு படுத்தால் எழும் சத்தம்.

வௌவாலுக்கு அந்த எடை கிடையாது. மரநாய் உள்ளே புகுந்திருக்கலாம். அப்படியானால் அதையும் வெளியே விட வேண்டும். காலையில் கொத்தனார் வந்துவிடுவார்.

வெளிப்பக்கம் இன்னொரு ஏணியை வைத்து ஏறினேன். வலையை விலக்கி இடுக்கில் காதை வைத்தேன்.

மூச்சு.

விலங்கின் மூச்சு இல்லை. துணியால் வாயை மூடிக்கொண்டு, சத்தம் வெளியே வராமல், கொஞ்சம் கொஞ்சமாக விடும் மூச்சு...

டார்ச்சை அடித்தேன். சிவப்பு வெளிச்சத்தில் பலகைகள். குழாய்க் கட்டுகள். யாரும் இல்லை.

மூச்சு நிற்கவில்லை.

இறங்கினேன். கதவைத் திறந்தேன். கோடவுன் காலியாக இருந்தது. உள் ஏணி பரணில் சாய்ந்திருந்தது. நான் வைத்த மூங்கில் ஏணிதான். அதில் ஏற எனக்குக் கால் வரவில்லை.

அப்படியே பூட்டிவிட்டுப் போயிருக்கலாம். போக முடியவில்லை. உள்ளே ஏதோ இருக்கிறது. நாளை மூடிவிடுவார்கள். வாசலில் நின்று, பழக்கத்தில், சொன்னேன்.

"யாரும் இருந்தா வந்துருங்க. மூடப் போறேன்."

மூச்சு நின்றது.

ஆறு ஐம்பத்திரண்டு.

பலகை முனகியது.

ஏணியின் மேல்படி லேசாக வளைந்தது. நிமிர்ந்தது. அடுத்த படி வளைந்தது...

படியில் யாரும் இல்லை.

அடுத்தது.

அடுத்தது...

சிமெண்டுத் தரையில் வெறுங்கால். மெதுவாக. என்னை நோக்கி.

அனல் ஒன்று என்னைக் கடந்தது. உச்சிவெயிலில் பரணில் இருந்த அதே அனல்.

எனக்குப் பின்னால்...

சப்.

சப்.

இரண்டு செருப்பையும் யாரோ போட்டுக்கொண்டார்கள்.

நான் திரும்பவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. திரும்பியபோது வாசலில் என் செருப்பு மட்டும் இருந்தது.

இடுக்கை மூடினேன். உள்ளே யாரும் இல்லை என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி வேறு எந்த வேலையிலும் இருந்ததில்லை. சிவகாசி வந்து வண்டியை நிறுத்தியபோது பின்சீட்டில் கை பட்டது. சுட்டது.

காலையில் என் அறைக் கதவைத் திறந்தேன். என் செருப்புக்குப் பக்கத்தில் நீல வார்ச் செருப்பு. ஊக்கு குத்தியது. கதவைப் பார்த்து, ஒழுங்காக.

பலவேசம் எதையும் சொல்ல மறுத்தார். "வள்ளித்தாயக் கேளுங்க" என்று மட்டும் சொன்னார். சாத்தூரில் ஒரு காராச்சேவுக் கடையில் பொட்டலம் போடும் பெண். அந்த ஆலையில் வேலை செய்தவள். கடைக்குப் பின்னால் வைத்துச் சொன்னாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை.

"செவுத்துல நாலுன்னு எழுதியிருக்கும். நாங்க அஞ்சு பேரு. ஆபீசருங்க கார் வந்துச்சுன்னா, கடைசியா சேந்த பொன்னுத்தங்கத்தப் பரண்ல ஏத்திருவோம். செருப்பையும் கையில குடுத்துருவோம். வாசல்ல அஞ்சு ஜோடி கெடந்தா எண்ணிருவாகல்ல?"

"அப்புறம்?"

"அன்னைக்கு வந்தவுக அப்பயே சீல் வச்சுட்டாக. எங்கள வேன்ல ஏத்திட்டாக. மறுநா ஆடிக் கடைசி வெள்ளி. எல்லாரும் இருக்கன்குடி கோயில் திருவிழாவுக்குப் போயிட்டோம். நான் கூப்பிட்டிருப்பேன்னு அவளுக நெனச்சாளுக. அவளுக கூப்பிட்டிருப்பாளுகன்னு நான் நெனச்சேன்."

"கதவுதானே பூட்டியிருந்துச்சு. கத்தியிருக்கலாமே?"

"கதவ விடுங்க. பின்பக்கம் ஜன்னல் இருக்கு. கொக்கி உள்ளதான். எறங்கியிருந்தா வெளிய வந்திருக்கலாம்." பொட்டலத்தின் நூலை இறுக்கினாள். "எறங்கல. அஞ்சாம் நாத் தெறக்கும்போது துப்பட்டாவ வாயில பொத்திக்கிட்டே கெடந்தா. அவளுக்குன்னு கேக்க ஒரு ஆளு இல்ல."

அடுத்த பொட்டலத்தை எடுத்தாள்.

"மூச்சு விடக் கூடாது, கூப்பிட்டாத்தான் எறங்கணும்னு சொன்னது நாந்தான்" என்றாள். பிறகு முதல்முறையாக நிமிர்ந்தாள். "நீங்க அங்கன எதுவும் பேசுனீகளா?"

"ஏன்?"

"கூப்பிட்டவுக பின்னாலயே வந்துருவா. புதுசுல்ல, வழி தெரியாது. உசுரோட இருக்கையில எங்க வீட்டுக்குக்கூட ஒருநா அப்படித்தான் வந்தா. வாங்கன்னு சொல்றவரைக்கும் வாசல்லயே நின்னா. அம்புட்டு அடக்கம்."

அந்தச் செருப்பை நான் தொடவில்லை. அது அங்கேயே இருக்கிறது. வாசலுக்கு யார் வந்தாலும் நான் "வாங்க" என்று சொல்வதில்லை. தீபாவளி முடிந்து சபரிநாதன் இனிப்புப் பெட்டியோடு வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பெட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

நேற்று மழை. சிவகாசியில் அப்படி ஒரு மழையைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. சாயங்காலம் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் இல்லை. பேச ஆள் இல்லை. அந்தப் பக்கம், மழைச் சத்தத்துக்கு நடுவே... துணிக்குள் விடும் மூச்சு.

நனைகிறாளே என்று தோன்றியது.

வாயைத் திறந்துவிட்டேன்.

கையால் பொத்திக்கொண்டேன்.