காய்ந்த பிறகுதான் கலர்

என் தம்பிக்குப் பட்டறையில் 'சொட்டு' என்று பெயர். இடிபட்டு வரும் கார்களுக்குப் பெயிண்ட் கலப்பது அவன் வேலை. நசுங்கிய ஒரு கதவை மட்டும் பூசினாலும், அது மற்ற மூன்று கதவுகளோடும் ஒத்துப்போக வேண்டும். அதற்காகச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவான். ஒன்று கூடினால் போச்சு, திருப்பி எடுக்க முடியாது. கலந்ததை ஓர் அட்டையில் தடவிவிட்டு, காயும்வரை யார் கத்தினாலும் வாய் திறக்க மாட்டான். ஈரத்தில் தெரிகிற கலர் வேறு, காய்ந்தால் வேறு என்பான்.

முப்பத்திரண்டு வயதில் அவனுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. பட்டறைக்கு வரும் சிவப்புக் கார் ஒவ்வொன்றும் தனக்குத்தான் சேதி கொண்டுவருகிறது என்றான். ஒருநாள் கலவை அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டான். முதலாளி நல்ல மனுஷன். "சரியாகி வரட்டும்மா. மூணு மாசம் அவன் இடத்துல யாரையும் போட மாட்டேன்" என்றார். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மா ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மாத்திரையில் குரல்கள் ஒரு மாதத்தில் அடங்கின. அப்பாடா என்று இருந்தது. அப்புறம் பார்த்தால், மறுபடி சுவரைப் பார்த்து முணுமுணுக்கிறான். அலமாரியைத் துடைத்தபோது ஒரு காலி பெயிண்ட் டப்பா கலகலவென்றது. திறந்தால் பன்னிரண்டு நாள் மாத்திரை!

"டேய், வியாதி உனக்கா, இந்த டப்பாவுக்கா?" வந்த கோபத்துக்கு அதை அவன் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

அவன் கையை நீட்டினான். விரல்கள் இன்னும் லேசாக நடுங்கின. "சத்தம் போச்சுக்கா. கூடவே கையும் போச்சு. ஒரு சொட்டு விட்டா மூணு விழுது. இந்தக் கையை வெச்சுக்கிட்டு பட்டறைக்குப் போய் என்ன பண்ண?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் விட்டேனே என்று என்மேல்தான் எரிச்சல் வந்தது. மறுநாளே கூட்டிப்போய், அவன் வாயாலேயே மருத்துவரிடம் சொல்ல வைத்தேன்.

அவர் திட்டவில்லை. "மூளையில டோபமைன்னு ஒண்ணு இயல்பாவே சுரக்குது. 'இதைக் கவனி, இது முக்கியம்'னு சொல்றது அதோட வேலைல ஒண்ணு. ஒரு இடத்துல அது அதிகமாயிட்டா, சும்மா போற காரும் முக்கியமாத் தெரியும். மாத்திரை அதைத் தடுக்குது. ஆனா கை நடுங்காம இருக்கவும் அதே டோபமைன்தான் வேணும். அங்கேயும் தடுத்துட்டோம், அதான் நடுக்கம். இது மட்டுமே காரணமும் இல்ல. வேற ரசாயனங்களும் இருக்கு, எங்களுக்கே இன்னும் எல்லாம் தெரியாது."

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "சாயம் கூடிப்போச்சுன்னு வெள்ளையை ஊத்தினோம். வெள்ளை ஜாஸ்தியாயிடுச்சு. அப்படித்தானே டாக்டர்?"

"அப்படியே வெச்சுக்குங்க" என்று சிரித்தவர், வேறு மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதினார். "முழுசாத் தெரிய நாலஞ்சு வாரம் ஆகும். ஏதாவது தொந்தரவுன்னா எங்கிட்ட வாங்க. நீங்களா நிறுத்தாதீங்க."

பத்து நாள் போனது. நடுக்கம் குறைந்தது, முணுமுணுப்பு குறையவில்லை. முதலாளி சொன்ன கெடுவுக்கு நாலு வாரம்தான் பாக்கி. எனக்குப் பொறுமை ஏது? "இது வேலைக்கு ஆகாதுடா. வா, அளவைக் கூட்டித் தரச் சொல்லலாம்" என்று செருப்பை மாட்டினேன்.

அவன் எழுந்திருக்கவே இல்லை. "ஈரத்துல பாக்காதக்கா. காயட்டும்."

எனக்கே பாடம் எடுக்கிறான்! ஆனாலும் செருப்பைக் கழற்றினேன்.

கெடுவின் கடைசி நாள் பட்டறைக்குப் போனோம். முதலாளி ஒரு சாம்பல் நிறக் காரைக் காட்டி, "கலந்து காட்டு" என்றார். தம்பி கோப்பையை எடுத்தான். நீலம் ஒரு சொட்டு விட்டான். ஒன்றுதான் விழுந்தது. கறுப்பு இரண்டு. அட்டையில் தடவிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், நான் நகத்தைக் கடித்தேன். காய்ந்ததும் எழுந்து போய் அட்டையைக் கதவின்மேல் வைத்தான். அட்டை எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு, சொட்டு" என்றார் முதலாளி.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அந்தப் பக்கம் போனதும் மெதுவாகக் கேட்டேன். "அது... இன்னும் கேக்குதாடா?"

"எப்பவாவது. தூரத்துல." கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "வேலை நேரத்துல அதுக்கு யாரு பதில் சொல்லிட்டிருக்கிறது? நீ கொஞ்சம் தள்ளி நில்லுக்கா, வெளிச்சத்தை மறைக்கிற."