கடல்தொட்டிக்கு மணல் கழுவினது

எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல்தொட்டி இருக்கிறது. உப்புத் தண்ணீர், உள்ளே கல், கல்லின் மேல் உயிருள்ள பவழம். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, மனசை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் தன்னிடம் சொன்னதற்காக என் மகன் வாங்கி வைத்தான். அவன் பகல் முழுக்கப் பின்கட்டில் எங்கள் சாயப்பட்டறையில் நிற்கிறவன். அதனால் அமைதி அவனுக்கு, வேலை எனக்கு என்று ஆகிவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. படித்தது மூன்றாம் வகுப்புதான். ஆனால் நாற்பது வருஷம் பட்டுக்குச் சாயம் போட்டவள். தண்ணீரைப் பார்த்தால் அதில் என்ன குறை என்று எனக்குத் தெரியும்.

தொட்டிக்கு அடியில் மணல் போடுவதா, வெறும் கண்ணாடியாக விடுவதா என்பதில் எங்களுக்குள் பேச்சு வந்தது. மகன் போனில் நிறையப் படித்திருந்தான். மணல் இருந்தால் மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அதற்குள் இறங்கி அழுகும், வெறும் கண்ணாடி என்றால் அழுக்கு கண்ணுக்குத் தெரியும், குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம் என்றான். அதுவும் சரிதான். அப்படியே விட்டோம்.

தொட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் மீன் இருந்தது. அந்த ஜாதி மீன் மணலுக்குள் புதைந்து தூங்குமாம். வாங்கும்போது எங்களுக்கு அது தெரியாது. விளக்கு அணைகிற நேரம் வந்தால் கண்ணாடித் தரையை மூக்கால் முட்டும். முட்டி முட்டித் தாடையில் சிவப்பாகப் புண் வந்துவிட்டது.

“அதுக்குப் படுக்க எடம் இல்லடா,” என்றேன்.

“கல்லு சந்துல படுக்கட்டும்மா.”

“நீ படுப்பியா கல்லு சந்துல?”

“அதுக்குன்னு ஆத்து மணல அள்ளிக்கினு வந்துடாத. ஆகாது.”

“திருமுக்கூடல் ஆத்து மணலையா கேட்டேன்? தொட்டி குடுத்தவன் விக்கிறத வாங்கிக் குடு.”

மருமகள் தென்னேரிக்காரி. பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள்: “எங்க ஏரியில மணலும் இருக்குது, சேறும் இருக்குது, மீனும் இருக்குது. யாரும் போன்ல படிச்சிட்டு வுடல.”

மகன் சிரித்துவிட்டான். அந்த வாரமே சென்னைக் கடையிலிருந்து வெள்ளை மணல் இரண்டு பை வந்தது.

கழுவுகிற வேலையை நான் யாரிடமும் விடவில்லை. எங்கள் பட்டறையில் சுத்தம் என்றால் செம்பு அண்டாதான். பட்டு நூலை வேக வைப்பது அதில், வெளிர் நிறம் போடுவதும் அதில். இரும்பு பட்டால் நிறம் கெடும். பிளாஸ்டிக்கை நான் உள்ளே விட்டதே இல்லை. புளி போட்டு அண்டாவைத் துலக்கி, மணலைக் கொட்டி ஏழு தண்ணீர் கழுவினேன். பிறகு, கடல் மணல் ஆயிற்றே, உப்பிலேயே இருக்கட்டும் என்று மகன் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரை ஊற்றி மறுநாள் வரை ஊற விட்டேன். காலையில் அந்தத் தண்ணீர் லேசாகப் பச்சை காட்டியது. மணலின் அழுக்கு என்று கீழே ஊற்றிவிட்டேன்.

மணலைப் போட்ட அன்றைக்கே மஞ்சள் மீன் தலைகீழாகப் பாய்ந்து உள்ளே போய்விட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலாம் நாள், பாசி மேய விட்டிருந்த நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மல்லாந்து கிடந்தன. ஒரு சிவப்பு இறால் இருந்தது, அதுவும் செத்துப்போயிற்று. பவழத்துக்கு ஏழு தலை, ஒவ்வொன்றும் சாமந்திப்பூ அளவுக்கு விரியும். ஏழும் சுருங்கி மூடிக்கொண்டன. மீன்கள் மட்டும் எப்போதும்போல் மேய்ந்தன.

“சொன்னேன்ல,” என்று மகன் கடைக்காரருக்குப் போன் போட்டான். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருந்தான்.

“மணல எதுல கழுவினீங்க சார்?”

“அம்மா கழுவினாங்க. அதுல கொற இருக்காது.”

“செம்பு, பித்தளை எதுவும் படலையே? மீனு தாங்கும். நத்தை, இறால், பவழத்துக்கெல்லாம் செம்பு வெஷம் சார். பட்டிருந்தா மணல எடுத்தா மட்டும் பத்தாது, தண்ணியும் மாத்தணும். இல்லாட்டி பவழம் ரெண்டு நாள் தாங்காது.”

“சேச்சே, அதெல்லாம் இல்ல. மணல்தான் கோளாறு. எடுத்துடறேன்.”

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அந்தப் பச்சை என்னவென்று அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. செம்பில் உப்பு நின்றால் களிம்பு ஏறும். இது சாயக்காரிக்குத் தெரியாத சங்கதியா? ஆனால் வாய் வரவில்லை. அண்டா சமாச்சாரம் என்றால் நாலு பட்டறைக்காரர்கள் என்னைக் கேட்டுத்தான் செய்வார்கள்.

மகன் மணலை வாரி எடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். பழி மணலுக்குப் போயிற்று. நான் பேசாமல் இருந்தால் பவழமும் மணலால் செத்ததாகத்தான் ஆகும். சாப்பிட உட்கார்ந்தேன். எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்தேன். ஒரு பவழத் தலையின் ஓரம் கரைந்து, நூல் நூலாகத் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது.

நேரே பட்டறைக்குப் போனேன். மகன் கோலில் மாட்டிய பட்டு நூலைச் சாயத்தில் திருப்பிக்கொண்டிருந்தான். கூட இரண்டு ஆட்கள் இருந்தார்கள். அவர்களும் கேட்கட்டும் என்று வாயைத் திறந்தேன்.

“செம்பு அண்டாவுலதான் கழுவினேன். உப்புத் தண்ணி ஊத்தி ஊற வெச்சேன்.”

அவன் கை நின்றது. “போன்ல கேட்டப்ப அங்கதான நின்னுக்கினு இருந்த?”

“இருந்தேன்.”

“சொல்றதுக்கு இன்னா?”

“வாய் வரல.”

கையைத் துடைத்துப் போனை எடுத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டான். “செம்புதான் பட்டிருக்குதுங்க. நான்தான் தெரியாம அண்டாவுல போட்டு...” என்று ஆரம்பித்தான். போனை வாங்கிக்கொண்டேன்.

“கழுவினது நான்தான்பா. அவன் ஏத்துக்கத் தேவையில்ல. இப்ப இன்னா செய்யணும், அதச் சொல்லு.”

“பட்டு ஊருன்னு தெரியும்மா. அண்டா ஞாபகம் எனக்கு வரல,” என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

அன்றைக்குப் பாதித் தண்ணீர் மாற்றினோம், ஒருநாள் விட்டு மறுபடி பாதி. ஃபில்டர் தண்ணீரில் உப்புக் கலந்து மருமகளும் நானும் சுமந்தோம். செம்பை இழுக்கிற கரிப் பை ஒன்றைக் கடைக்காரர் பஸ்ஸில் அனுப்பினார். மூன்று வாரம் கழித்து ஏழு தலையில் நாலு விரிந்தது. மூன்று போனது போனதுதான்.

பிறகு மகன் கேட்டான்: “மணலா, கண்ணாடியா? நீயே சொல்லு.”

யோசித்துத்தான் சொன்னேன். அடியில் என்ன விழுகிறது என்று பார்க்க முடிகிறதே, அது எனக்குப் பிடித்துப்போயிற்று. தரை கண்ணாடியாகவே இருக்கட்டும். மூலையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய மணல் வைத்தால் போதும் என்றேன். புது மணலைப் புது பிளாஸ்டிக் பேசினில் கழுவினேன். மஞ்சள் மீன் இரண்டு நாள் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மூன்றாம் நாள் உள்ளே போயிற்று. தாடைப் புண் ஆறிவிட்டது.

பவழம் செத்த இடத்தில் கல் வெள்ளையாகத் தெரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால், “தண்ணி சரியில்ல” என்று மகன் முந்திக்கொள்வான். தண்ணீர் சரியாகத்தான் இருந்தது என்று நான் சொல்லிவிட்டு, நடந்ததைச் சொல்வேன்.